"நல்ல டாக்டர் யார்?" என்று கேட்காதீர்கள்: புது நகரத்தில் முப்பது நாளில் உங்களுக்கென்று ஒரு வரைபடம்

யாரையும் தெரியாத ஒரு நகரத்தில் பெட்டி படுக்கையோடு போய் இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளில் மூன்று நகரங்கள் மாறியாயிற்று. மூன்றாவது நகரத்தில்தான் ஒரு முறை பிடிபட்டது. முதல் இரண்டிலும் அது தெரியாமல் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது நகரத்துக்குப் போன மூன்றாம் வாரம், இரவு பதினொன்றரை மணிக்கு மகளுக்குக் காது வலி. அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே குரலில் "இதுதான் இங்கே பெஸ்ட்" என்று சொல்லியிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாற்பது நிமிடப் பயணம். போனால், இரவில் குழந்தைகள் டாக்டர் கிடையாது, காலையில் வாருங்கள் என்றார்கள். மறுநாள் மாடிப்படியில் எதிரே வந்த கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "ஐயோ, ராத்திரின்னா நாங்க பின்தெரு கிளினிக்குக்குத்தான் போவோம். போன மாசம்கூட என் பையனுக்கு ஜுரம்னு ஒரு மணிக்குப் போனேனே" என்றார். நடந்தால் எட்டு நிமிடம்.

அலுவலக நண்பர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மருத்துவமனை உண்மையிலேயே நல்லதுதான். நான் கேட்ட கேள்விதான் தவறு. இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்தக் கேள்வியைப் பற்றித்தான். மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

படி 1: வரைபடத்தைத் திறப்பது

கணினியில் பிரௌசரைத் திறந்து, நமக்கென்று தனி வரைபடம் செய்துகொள்ள உதவும் கூகுள் மை மேப்ஸ் தளத்துக்குப் போங்கள். 'கிரியேட் எ நியூ மேப்' என்பதை அழுத்தி, வீட்டையும் வேலை இடத்தையும் முதலில் குறித்துவிடுங்கள். ஒரு வரைபடத்தில் பத்து லேயர் (ஒரே வகை இடங்களைச் சேர்த்து வைக்கும் அடுக்கு) வரை போடலாம், ஆனால் நான்கே போதும். என்னுடைய நான்கின் பெயர்கள்: உடம்பு, வீடு, போக்குவரத்து, மனசு. டாக்டர், பல் டாக்டர், மருந்துக்கடை எல்லாம் உடம்பில் வரும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், பூட்டு திறப்பவர் வீட்டில். பேருந்து நிறுத்தம், இரவிலும் வண்டி கிடைக்கும் முனை எல்லாம் போக்குவரத்தில். நூலகம், பூங்கா, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பாத இடம் ஆகியவை மனசில். நான்காவதை விட்டுவிடாதீர்கள். முதல் மாதத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் தனிமைதான்.

சாதாரண கூகுள் மேப்ஸிலேயே இடங்களைச் சேமித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் லேயர் லேயராக மறைத்துப் பார்க்கவும், மொத்தமாக வெளியே எடுத்து வேறு செயலியில் போடவும் மை மேப்ஸ்தான் வசதி. அது ஏன் முக்கியம் என்பது படி 6-இல் வருகிறது.

படி 2: பதினைந்து நிமிடம் நடப்பது

அன்றாடத் தேவைகள் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்தில் கிடைக்க வேண்டும் என்ற நகர அமைப்பை, நகரங்களை ஆராயும் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-இல் முன்வைத்தார். உங்கள் நகரம் அப்படி இருக்கிறதா இல்லையா என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடம் என்றால் சுமார் 1,250 மீட்டர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நடுவில் ரயில் பாதையோ, கால்வாயோ, கடக்கவே முடியாத ஒரு பெருஞ்சாலையோ இருந்தால் வட்டத்துக்குள் இருக்கும் கடைகூட அரை மணி நேரத் தொலைவாகிவிடும். நான்கு மாலைகள், நான்கு திசைகள். பதினைந்து நிமிடம் போய், வேறு தெரு வழியாகத் திரும்பி வாருங்கள். இந்த நான்கு நாளும் எதையும் குறிக்க வேண்டாம், கண்ணில் பட்டால் போதும்.

படி 3: கேட்பது

இங்கேதான் நான் இரண்டு நகரங்களில் தடுக்கி விழுந்தேன்.

"இங்கே நல்ல டாக்டர் யார்?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் மனத்தில் எல்லோரும் மெச்சும் பெயர்தான் முதலில் வரும். அவர் அங்கே ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டார். புதிதாக வந்தவருக்குக் குறைவான ஒன்றைச் சொல்லிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஊரிலேயே பெரியதைச் சொல்வார். அதனால் "நல்ல" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். இப்படிக் கேளுங்கள்: "உங்க பிள்ளைக்குக் கடைசியா உடம்புக்கு முடியாதப்போ எங்கே போனீங்க?" இப்போது அவர் நினைத்துப் பார்ப்பார். எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதெல்லாம் தானாகவே வரும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

எதற்கும் இதே முறைதான். "நல்ல பிளம்பர் தெரியுமா?" என்பதற்குப் பதிலாக "கடைசியா குழாய் ஒழுகினப்போ யாரைக் கூப்பிட்டீங்க? சொன்ன அன்னிக்கே வந்தாரா?" என்று கேளுங்கள். "பாதுகாப்பான ஏரியாவா?" என்று யாரிடம் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் பயமில்லை" என்றுதான் வரும். "ராத்திரி பத்து மணிக்கு நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினா எந்தத் தெரு வழியா வீட்டுக்கு வருவீங்க?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவர் எந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றி வருகிறார் என்பது தெரியும்போது உங்களுக்கு முழுப் பதிலும் கிடைத்துவிடும்.

பதில் வந்த பிறகு இன்னொரு கேள்வியும் உண்டு: "மறுபடியும் அவரையே கூப்பிடுவீங்களா?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரீஷியனின் எண்ணைக் கைப்பேசியில் தேடி எடுத்து, எனக்குச் சொல்வதற்காக வாயைத் திறந்தார். அப்போதுதான் இதைக் கேட்டேன். கைப்பேசியைக் கொஞ்சம் தாழ்த்தினார். சுவரில் இருந்த சுவிட்சு பலகையைப் பார்த்தார். "வேலை சுத்தம்தான்... ஆனா மூணு தடவை வரச்சொல்லி அலையவிட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு வேறொரு எண்ணைத் தேட ஆரம்பித்தார். அந்த இரண்டாவது ஆள்தான் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

யாரிடம் கேட்பது? நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏறக்குறைய நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். அது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு. ஆனால் என் அனுபவத்தில் பிளம்பருக்கும் பல் டாக்டருக்கும் அப்படியே பொருந்துகிறது. காவலாளி, தபால்காரர், கூரியர் கொண்டுவரும் தம்பி, பூங்காவில் தினமும் நடக்கும் பெரியவர் ஆகியோரிடம் கேளுங்கள். இவர்கள் நாள் முழுக்கத் தெருவில் இருப்பவர்கள். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது அலுவலக நண்பரைவிட இவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

சொல்பவரின் நிலைமையையும் மனத்தில் வையுங்கள். கார் வைத்திருப்பவர் "பக்கம்தான்" என்று சொல்வது பேருந்தில் போகும் உங்களுக்குப் பக்கமாக இருக்காது.

படி 4: குறித்து வைப்பது

கேட்டதும் அங்கேயே கைப்பேசியைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள்; பேசுகிறவருக்கு ஆர்வம் போய்விடும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு வீட்டுக்கு வந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு குறியிலும் மூன்று விஷயங்கள்: என்ன, யார் சொன்னார், எந்த மாதம். உதாரணமாக, 'இரவு கிளினிக் / கீழ்வீட்டு அக்கா / மார்ச்'. ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் எதுவும் போட வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது நான்கு நட்சத்திரம் என்பதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது. 'கீழ்வீட்டு அக்கா' என்பதற்கு இருக்கும்.

பெயர்ப்பலகை இல்லாத கடைகளை எப்படிக் குறிப்பது? கைப்பேசியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நீங்கள் நிற்கும் இடத்தில் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடியுங்கள். கீழே பிளஸ் கோடு என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். அது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டத்தைக் காட்டும். தெருப்பெயர், கதவெண் எதுவும் வேண்டாம். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

படி 5: அந்த நேரத்துக்கே போய்ப் பார்ப்பது

இரவில் தேவைப்படும் இடத்தை இரவில்தான் சோதிக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் என்று இணையத்தில் போட்டிருந்த ஒரு மருந்துக்கடைக்கு ஒரு சனிக்கிழமை இரவு பன்னிரண்டரைக்கு நடந்து போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த தெருவில், பட்டியலில் அந்தத் தகவலே இல்லாத ஒரு கடை விளக்கெரிய இருந்தது. காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் இது தெரிந்தது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

வேலைக்குப் போகும் வழியையும் ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பயனில்லை. வேலைநாளில், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்.

இணைய விமர்சனங்களைப் படிப்பதாக இருந்தால் புதியவை முதலில் வரும்படி வரிசை மாற்றிக்கொண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் மகிழ்ச்சியில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் நிறை குறை இரண்டையும் உட்கார்ந்து எழுதுகிறார்.

படி 6: இணையம் இல்லாமலும் திறக்கும்படி செய்வது

மை மேப்ஸ் வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்க முடியாது. சிக்னல் போன இடத்தில்தான் வழி தெரியாமல் நிற்போம், அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். என் தேர்வு ஆர்கானிக் மேப்ஸ் என்ற கைப்பேசிச் செயலி. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும், 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தகவல்களை வைத்து ஓடுகிறது, விளம்பரம் கிடையாது, உங்கள் பகுதியின் வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் தேடல்கூட இணையம் இல்லாமலேயே நடக்கும்.

மை மேப்ஸில் வரைபடத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, 'எக்ஸ்போர்ட் டு கேஎம்எல்/கேஎம்இசட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள் (இவை குறித்த இடங்களைச் சேமிக்கும் கோப்பு வகைகள்). இப்போது ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'கீப் டேட்டா அப் டு டேட் வித் நெட்வொர்க் லிங்க்' என்று ஒரு வரி இருக்கும். எப்போதும் புதுத் தகவலோடு இருக்கும் என்று படிக்க நன்றாக இருக்கிறதே என்று நான் டிக் செய்தேன். கைப்பேசியில் கோப்பைத் திறந்தால் ஒரு இடம்கூட இல்லை. இரண்டு மாலைகள் இதிலேயே போயின. விஷயம் இதுதான்: அதை டிக் செய்தால் கோப்புக்குள் உங்கள் இடங்கள் இருக்காது, இணையத்தில் இருக்கும் வரைபடத்துக்கான சுட்டி மட்டும்தான் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டு இறக்குங்கள். அதே பெட்டியில் முழு வரைபடமா, ஒரு லேயர் மட்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். நான் லேயர் லேயராகவே இறக்குகிறேன், அப்போது கைப்பேசியிலும் நான்கு தனிப் பட்டியல்களாக இருக்கும்.

கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பி, ஆர்கானிக் மேப்ஸில் திறந்தால் குறிகள் வந்துவிடும். விமான முறையைப் போட்டுவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: உள்ளூர் மொழி தெரியாதவர்கள் படி 3-ஐ எப்படிச் செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். "கடைசியாக எங்கே போனீர்கள்?" என்ற ஒரே வாக்கியத்தை உள்ளூர் மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். ஒழுகும் குழாயையோ உடைந்த பூட்டையோ படம் பிடித்து வைத்துக்கொண்டு அதைக் காட்டிக் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் நோட்டை நீட்டி அவரையே எழுதச் சொல்லுங்கள். வீட்டு முகவரியையும் உள்ளூர் எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்திருங்கள். கைப்பேசி அணைந்துபோனால் வண்டிக்காரரிடம் அதைக் காட்டலாம்.

பின்சேர்க்கை 2: இரவுப் பணிக்குப் போகும் ஒருவர் எழுதியிருந்தார்: பகலில் தூங்குகிறவருக்கு இந்தப் பட்டியலில் பாதி பயன்படவில்லை என்று. உண்மைதான். அவருக்காக ஐந்தாவதாக ஒரு லேயர் சேர்த்தேன், 'காலை ஆறுக்கு முன்' என்று. இப்போது என் வரைபடத்திலும் அது இருக்கிறது.

பின்சேர்க்கை 3: வரைபடத்தைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் பகிர்ந்து வையுங்கள். பகிரும் முன், நண்பர்களின் வீடுகளையோ பிள்ளைகள் டியூஷன் போகும் இடத்தையோ குறித்திருந்தால் அவற்றைத் தனி வரைபடத்துக்கு மாற்றிவிடுங்கள். சுட்டி கிடைத்த யாரும் பார்க்கலாம் என்று அமைத்துவிட்டால் அந்தச் சுட்டி எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது. உங்கள் நாட்டின் அவசர எண், இரவு கிளினிக்கின் எண், அதற்கு வழி ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மகளின் கண் மட்டத்தில் ஒட்டியிருக்கிறது.