மகசரில் எழுதப்படாத தகவலைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

கேரள எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளின் அருகே கஞ்சா வழக்கில் சிக்கியவரின் மகசரில் (சோதனையிட்டுக் கைப்பற்றியதை அந்த இடத்திலேயே எழுதும் அறிக்கை) "வழக்கமான வாகனச் சோதனையில் சந்தேகம் தோன்றியது" என்று எழுதியிருந்தால், குடும்பத்தாரும் இளம் வழக்கறிஞர்களும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது உண்மையாகவும் இருக்கலாம்; முன்பே கிடைத்த ரகசியத் தகவலையோ ஒட்டுக்கேட்ட பேச்சையோ மறைக்க எழுதியதாகவும் இருக்கலாம். அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க முகமையின் சிறப்புப் பிரிவு ஒன்று, ரகசியமாக வந்த துப்பை மறைத்து, வண்டியை நிறுத்துவதற்கு வேறொரு காரணத்தைத் தேடிக்கொள்ளும்படி அதிகாரிகளுக்குக் கற்பித்ததை ராய்ட்டர்ஸ் 2013-இல் வெளியிட்டது.

இங்கே அப்படி மறைப்பதால் என்ன லாபம் என்பதை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தைப் படித்தால் புரிந்துகொள்ளலாம். முன்தகவல் கிடைத்தால் அதை எழுதி வைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. பொது இடத்தில் பிடித்தால் பொருந்தும் 43-ஆம் பிரிவில் அந்தக் கடமை இல்லை. பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் வண்டி பொது இடமாகாது, ஆகவே 42-ஆம் பிரிவே பொருந்தும் என்று பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 42-ஐ அடியோடு மீறுவதை ஏற்க முடியாது என்று 2009-இலேயே கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருந்தது. சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் நம் நீதிமன்றங்கள் சாட்சியத்தைத் தள்ளிவிடுவதில்லை என்பதால், முன்தகவல் இருந்ததை நிறுவுவதே வலுவான வழி.

தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி காவலரைக் கட்டாயப்படுத்த முடியாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 131-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் ஆளின் பெயரை மறைப்பது வேறு, தகவலே வரவில்லை என்று எழுதுவது வேறு. எனவே குறுக்கு விசாரணையில் "யார் சொன்னது" என்று தொடங்காமல், "எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எதற்காக அந்த இடத்தில் நின்றீர்கள், அதற்குமுன் எத்தனை வண்டிகளை நிறுத்தினீர்கள்" என்று கேட்க வேண்டும்.

முதலில் முதல் தகவல் அறிக்கை, மகசர், ரிமாண்ட் ரிப்போர்ட் (காவலில் வைக்கக் கோரி நீதிமன்றத்தில் தரும் அறிக்கை) மூன்றையும் அருகருகே வைத்து, மலையாளம் நன்கு தெரிந்தவரை வரிவரியாகப் படிக்கச் செய்து, மணிக்கணக்கை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கம் சொல்பவர் "ரகசிய விவரம்" (மலையாளத்தில் ரகசியத் தகவல்) என்ற ஒரு சொல்லை விட்டுவிடக்கூடும் என்பதால் வரிவரியாகக் கேட்பது அவசியம். பிறகு ரோந்துக் குழு கொண்டுபோன பொருள்களைப் பாருங்கள்: தராசு, அரக்கு, முத்திரை, அச்சிட்ட படிவங்கள் எல்லாம் கையோடு இருந்ததாகவும், கெசட்டட் அதிகாரி சில நிமிடங்களில் வந்து சேர்ந்ததாகவும் மகசர் சொன்னால், அந்தக் குழு வழக்கமாகவே இவற்றை எடுத்துச் செல்கிறதா என்று கேளுங்கள். அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. நிலையத்தின் பொது நாட்குறிப்போடும் ஜீப்பின் லாக் புத்தகத்தோடும் ஒப்பிடும்போதுதான் அதற்குப் பலம் வரும்.

விசாரணை அதிகாரியின் கை படாத பதிவுகளே மிகுந்த மதிப்புடையவை. பாம்பாம்பள்ளம் சுங்கச் சாவடியின் ஃபாஸ்டாக் நேரம் மகசரின் நேரத்தோடு பொருந்தாமல் போகலாம். 2024 ஜூலை 1 முதல் சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்தப் பதிவு எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். வழக்குக்கு எடுத்துக்கொள்ளாத ஆவணங்களின் பட்டியலையும் அரசுத் தரப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்திருப்பதால், அதைக் கேட்டு மனுப்போடத் தயங்க வேண்டாம்.

யார் யாரை எப்போது அழைத்தார் என்ற அழைப்பு விவரப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சாவடிகளின் கேமராப் பதிவோ அதற்கு வெகுமுன்பே அழிந்துவிடக்கூடும். ஆகவே நீதிமன்ற விசாரணை தொடங்கட்டும் என்று காத்திராமல், ஜாமீன் மனுவோடு சேர்த்தே அவற்றைப் பாதுகாக்க உத்தரவு கோர வேண்டும். ஆவணங்களை வரவழைக்க புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு வழி தருகிறது.