சிபிடி பழகத் தொடங்குகிறீர்களா? ஒரு பஸ் பயணத்திலிருந்து ஆரம்பியுங்கள்

அறிகை நடத்தைச் சிகிச்சை, அதாவது நாங்கள் சிபிடி என்று சொல்வது, வகுப்பில் கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். எண்ணம், உணர்ச்சி, உடல், நடத்தை நான்கும் ஒன்றையொன்று இழுக்கின்றன. 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல வைத்தியர், மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் தானாக வந்துபோகும் எண்ணங்களைக் கவனித்து இந்தச் சிகிச்சையை வளர்த்தார். எல்லாம் விளங்கும். ஆனால் ஆள் முன்னால் வந்து உட்கார்ந்து "எனக்கு எல்லாமே பயம்" என்றதும் எங்கே கைவைப்பது என்று தெரியாது. என் பதில் ஒன்றுதான்: அண்மையில் நடந்த ஒரேயொரு சம்பவத்தில் கைவையுங்கள்.

அதற்கு முன்

நெஞ்சு படபடப்பு என்று வருபவர் டொக்டரிடம் காட்டி இதயம், தைரோயிட் எல்லாம் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9 கொடுத்தால் (மொத்தம் 27 புள்ளி, 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும்) கூட்டிப் பார்க்கும் முன்பே ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். அதில் பூச்சியம் இல்லையென்றால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடமும் மனநல வைத்தியரிடமும் சொல்லுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி 1926 இலக்கத்தை எழுதிக் கையில் கொடுங்கள்.

கூட வந்த அம்மாவோ அண்ணாவோ எல்லாவற்றையும் தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். பத்து நிமிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறகு வெளியே இருக்கச் சொல்லுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு, அதனால் கதைப்பது அறைக்குள்ளேயே இருக்கும் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சம்பவத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது

ஒரு கற்பனை ஆள்: 26 வயதுப் பெண், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கொள்ளுப்பிட்டியில் வேலை.

"கடைசியா எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை மிஸ். வேலை முடிஞ்சு வரேக்கை, பஸ்ஸிலை."

"பஸ் அப்ப எங்க நிண்டது?"

"பம்பலப்பிட்டியிலை. சரியான சனம். நெஞ்சு படபடவெண்டு அடிச்சுது, கை விறைச்சுப்போச்சு."

"அந்த நேரம் மனசிலை என்ன ஓடினது?"

"ஒண்டும் ஓடேல்லை. பயந்துபோனன், அவ்வளவுதான்."

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். தாவாதீர்கள்.

"இறங்காமல் அப்பிடியே நிண்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைச்சீங்கள்?"

"விழுந்திருப்பன். அப்பாக்கு வந்த மாதிரி ஹார்ட் அட்டாக்தான் எண்டு நினைச்சன்."

இதுதான் நமக்கு வேண்டியது. பயத்தை ஊதிப் பெருக்கிய எண்ணம் வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் அதை எவ்வளவு நம்பினார் என்று கேட்டு, "80 வீதம்" என்றால் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உடலில் வரும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாக எடுத்துக்கொள்வதுதான் பதற்றத் தாக்குதலின் அச்சாணி என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கிய மாதிரி அப்படியே இங்கே தெரிகிறது, பாருங்கள்.

வாதாட வேண்டாம், சோதித்துப் பாருங்கள்

"உங்கள் வயதில் ஹார்ட் அட்டாக் வராது" என்று சொல்ல வாய் துடிக்கும். டொக்டர் ஏற்கெனவே அதைச் சொல்லியிருப்பார், பயம் போகவில்லையே. பதிலாக, இப்படி வந்தபோதெல்லாம் எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று கேளுங்கள். "ஒருக்காலும் இல்லை, கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்தன், இல்லாட்டி உடனை இறங்கிடுவன்" என்பார். அந்தக் கம்பியும் இறக்கமும்தான் பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன, ஏனென்றால் தப்பியதற்கு அவைதான் காரணம் என்று அவர் நம்புகிறார்.

ஆகவே முதலில் அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள், நீங்களும் அவரோடு சேர்ந்து செய்யுங்கள் (ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் இது வேண்டாம்). அதே படபடப்பு வரும், தானாக அடங்கும். அதன்பின் பஸ். வழக்கமாக இறங்கும் இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு தரிப்பிடம், பஸ் நிற்கும் நேரங்களில் கம்பியை இறுக்காமல். ஏறும் முன் "விழுவேன், 80 வீதம்" என்று எழுத வேண்டும், இறங்கியபின் நடந்ததை எழுத வேண்டும். 80 என்பது 50 ஆனாலே நல்ல முன்னேற்றம்.

எழுதக் கொப்பி கொடுக்கும் முன் ஒரு விஷயம். அறையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து இருந்தால் அந்தக் கொப்பியை மற்றவர்கள் வாசிப்பார்கள், அந்தப் பயத்தில் இவர் எழுதவே மாட்டார். ஃபோனில் குறிப்பாகவோ தனக்குத்தானே குரல் பதிவாகவோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை வந்ததும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், மறந்தீர்களோ அதோடு அவரும் செய்வதை விட்டுவிடுவார்.

உங்கள் பயிற்சி

ஒரு அமர்வின் 50 நிமிடத்தில் மனநிலை விசாரிப்பது, இன்று எதைக் கதைப்பது என்று இருவரும் முடிவெடுப்பது, போன வாரம் அவருக்குக் கொடுத்த பயிற்சி, முக்கிய வேலை, புதிய பயிற்சி, கடைசியில் "இன்றைக்கு ஏதாவது பிடிக்கவில்லையா?" என்ற கேள்வி. இந்த ஒழுங்கு கையில் படிய மாதங்கள் எடுக்கும், அது சரி.

அனுமதி கேட்டு உங்கள் அமர்வுகளைப் பதிவு செய்யுங்கள். சிகிச்சையாளரின் திறமையை அளக்க பெக்கின் குழுவினர் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோலில் 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. 66இல் 40 எடுத்தால் தேர்ச்சி என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மேற்பார்வையாளரிடம் போகும்போது நன்றாக நடந்த பகுதியை விட்டுவிட்டு, நீங்கள் திணறி நின்ற ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள்.