கரண்ட் கம்பிக்குள்ளேயா ஓடுகிறது? கிளாம்ப் மீட்டரை எடுங்கள், பார்த்துவிடலாம்

கோத்தகிரிப் பக்கம் எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "இது பைக்காராவிலிருந்து வர்ற கரண்ட்தானே அண்ணே?" 1932இல் ஓட ஆரம்பித்த மின்நிலையம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து ஒரு எலக்ட்ரான்கூட உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். 11,000 வோல்ட் வரும் சுருளுக்கும் வீட்டுக்குப் போகும் சுருளுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. எலக்ட்ரான் இந்தப் பக்கம் தாண்டாது. ஆற்றல் மட்டும் தாண்டி வருகிறது.

பைக்காரா மின்நிலையம் இருக்கும் சிங்காராவுக்கு இறங்கும் ராட்சதக் குழாயில் தண்ணீர் பாய்வதைப் போல கம்பிக்குள் கரண்ட் பாய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1 ஸ்கொயர் எம்எம் (குறுக்குவெட்டுப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் போனால் எலக்ட்ரான்கள் ஒரு மணி நேரத்தில் சுமார் 26 சென்டிமீட்டர்தான் நகரும். அதுவும் பேட்டரி கரண்டில். வீட்டுக்கு வரும் ஏசி கரண்டில், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டில், விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி, ஆடும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் கெட்டிலைச் சுடவைக்கும் ஆற்றல் எந்த வழியாக வருகிறது? கம்பிக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கும் மின்புலம், காந்தப்புலம் வழியாக. இதை 1884இலேயே பாயிண்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

சோதித்துப் பார்க்க நம் பையில் இருப்பதே போதும்: வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டர், 1500 வாட் கெட்டில். எல்இடி பல்பு வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் மீட்டரில் சரியாகத் தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரில் மேலுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். இதை பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உள் இன்சுலேஷனில் கீறல் விழுந்தால் அந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். பழக்கமில்லாதவர்கள் பக்கத்தில் ஒரு வயர்மேனை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாக்கெட் சுவிட்சைப் போடுங்கள், கெட்டிலைப் போட வேண்டாம். பேனாவைப் பேஸ் பக்கம் கொண்டுபோனால் பீப் அடிக்கும். இன்சுலேஷனைத் தாண்டி மின்புலம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். (மழைக்காலத்தில் ஈரச் சுவருக்குப் பக்கத்திலும் அடிக்கும், அதை நம்ப வேண்டாம்.) கிளாம்பைப் பேஸில் மாட்டினால் பூஜ்யம். கரண்ட் இல்லை, காந்தப்புலம் இல்லை, அதனால் ஆற்றலும் போகவில்லை.

இப்போது தண்ணீர் ஊற்றிக் கெட்டிலைப் போடுங்கள். 230 வோல்ட் சரியாக இருந்தால் கிளாம்ப் 6.5 ஆம்பியர் காட்டும். கம்பியைத் தொடாமலே காட்டுகிறதே, அது பிடிப்பது வெளியே இருக்கும் காந்தப்புலத்தைத்தான். நியூட்ரலில் மாட்டினாலும் அதே 6.5. இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள், பூஜ்யம்! போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் எதிரெதிர் என்பதால் வெளிப்பக்கம் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று கழித்துவிடும், இரண்டு வயருக்கும் நடுவே கூடும். ஆற்றலும் பெரும்பாலும் அந்த நெருக்கமான இடத்தை ஒட்டியே போகிறது. இரண்டு புலமும் சேர்ந்தால்தான் கெட்டிலுக்கு ஆற்றல். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஷார்ட் ஆன இடத்தைப் பாருங்கள், அங்கே கரண்ட் தாறுமாறாக இருக்கும், வோல்ட் விழுந்துவிடும். அதற்கு அப்பால் ஆற்றல் போகாது, வரும் வழியில் வயரையே சுட்டுவிடும். இதைச் செய்து பார்க்காதீர்கள், கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்துவிடும் எம்சிபி சுவிட்ச் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

"அப்போ கம்பி எதுக்கு அண்ணே?" என்று என்னோடு வேலைக்கு வரும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வழி காட்டுவது கம்பிதான். புலங்கள் அதை ஒட்டித்தான் போகும். கம்பிக்கு உள்ளே நுழையும் ஆற்றல் மட்டும் சூடாகி வீணாகிறது.

அந்த வீணைக் கணக்குப் பார்த்துவிட்டு வயர் வாங்குங்கள். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு அறைக்கு இதே கெட்டில் லோடு போகிறது என்று வையுங்கள். போக வர 200 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பில் ஏறக்குறைய 16 வோல்ட் விழும், 100 வாட் வயரிலேயே போய்விடும். 2.5இல் சுமார் 10 வோல்ட், 4இல் 6 வோல்ட். ஏற்கெனவே கரண்ட் லைனின் கடைசியில் இருந்து 190 வோல்ட்தான் வரும் வீடு என்றால் நான் 4க்குக் குறைந்து போட மாட்டேன். 190இல் ஹீட்டர் மூன்றில் இரண்டு பங்கு சூடுதான் தரும். வோல்ட்டை அளக்கும்போது லோடைப் போட்டுவிட்டு, கடைசி சாக்கெட்டில் அளவெடுங்கள். லோடு இல்லாமல் எடுத்தால் எந்த வயரும் நல்ல வயராகத்தான் தெரியும்.