வாசல் கோலத்துக்குள் கொஞ்சம் கற்பனை

வரைய ஆசை, நேரம்தான் இல்லை என்று யாராவது சொன்னால், "காலையில் கோலம் போடுகிறீர்களா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். கை பழகிய அதே இரண்டு மூன்று கோலங்கள். போடும்போது மனம் சமையலில் இருக்கும். அந்தப் பத்து நிமிடம் போதும். வங்கி வேலைக்கு எட்டரைக்குக் கிளம்பும் எனக்கு அதுதான் வாய்த்திருக்கிறது. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு வாரத்துக்கு ஒரே புள்ளிக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக இடைப்புள்ளி (ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே வரும்), 7-இல் தொடங்கி 4-இல் நிறுத்துவது. நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளி அமைவதால் ஆறிதழ்ப் பூவும் நட்சத்திரமும் தாமாக வந்துவிடும். திங்கள், செவ்வாயில் அவற்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். புதன்கிழமை கை வேறு எதையாவது தேடும். எனக்குப் பிடித்த கோலங்கள் வியாழன், வெள்ளியில் வந்தவைதான். அதனால் வாரத்தின் நடுவில் புள்ளியை மாற்றாதீர்கள்.

அடுத்து சிக்குக் கோலம், அதாவது புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து பின்னிப் போகும் கோலம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம். நேர்ப்புள்ளியில் (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி) 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழைகள் குறுக்காக வெட்டிப் போகட்டும். ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றித் திரும்பட்டும். ஒரே இழையாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அதையே 3-க்கு 3 போட்டால் மூன்று தனி இழைகள் வரும். பள்ளியில் படித்த மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) நினைவிருக்கிறதா? இரண்டு எண்களுக்கும் அது எவ்வளவோ, அத்தனை இழை.

இனி உங்கள் பங்கு. வெவ்வேறு இழைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் முதுகோடு முதுகாக வளைத்துவிடுங்கள். அவை ஒரே இழையாகச் சேர்ந்துவிடும். 3-க்கு 3-இல் 12 வெட்டுகள் உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு, இன்னும் சேராத இழை வெட்டும் இடத்தில் இன்னொன்றையும் மாற்றினால் முழுக் கோலமும் ஒரே இழை. எந்த இரண்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உருவம் மாறும். தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலங்களைக் கணினி இயலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். சின்ன விதிகளிலிருந்து இவ்வளவு பிறக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

காலையில் யோசிக்க நேரம் இருக்காது. முந்தின இரவு குக்கர் விசில் வரும்வரை, கோல நோட்டில் பென்சிலால் புள்ளி வைத்துப் பாருங்கள். போனில் கோலம் தேடுவதை அந்த வாரம் முழுக்க விட்டுவிடுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டால் கை அதையேதான் போடும். போட்ட கோலத்தைத் தினமும் படம் எடுக்கவும் வேண்டாம் என்பேன். யாருக்கோ காட்டப்போகிறோம் என்ற நினைப்பு வந்தால் துணிச்சல் குறைகிறது. மறுநாள் கூட்டித் தெளித்துவிட்டால் தரை திரும்பவும் காலி, எதையும் போட்டுப் பார்க்கலாம்.

மாவு பற்றி ஒரு வார்த்தை. நைஸ் அரிசி மாவு விரலில் ஒட்டும், இழை விட்டு விட்டு விழும். பச்சரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக் கோலமாவோடு கலந்தால் சீராக இறங்கும், எறும்புக்கும் தீனி ஆகும்.

அடுக்குமாடியில் ஒன்றரை அடி அகலம் கிடைத்தாலே 3-க்கு 4 தாராளமாக அடங்கும். தரை வெள்ளை டைல்ஸாக இருந்தால் வெள்ளை இழை தெரியாது. காவியைத் தண்ணீரில் கரைத்துச் சதுரமாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபிறகு அதன்மேல் போடுங்கள். டைல்ஸ் கறைபடும் என்று பயமாக இருந்தால், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பலகை போதும். மழை நாளில் அதை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டும் போடலாம்.