கடலோர ஊரின் கைவினைச் சந்தையைத் திருத்தி அமைப்பது எப்படி: மாமல்லபுரத்தை வைத்து ஒரு வழிகாட்டி

சந்தையைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முகப்பு வளைவில்தான் ஆரம்பிக்கிறார்கள். பணம் அங்கேயே கரைந்து, நிழலுக்கும் வடிகாலுக்கும் மிஞ்சாமல் போகிறது. உளி பிடிப்பவர் காலை முதல் மாலைவரை உட்கார்ந்து வேலை செய்ய முடிகிற இடத்தில்தான் பயணியும் நின்று பார்ப்பார். எனவே கைவினைஞர் உட்காரும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அளவெடுப்பு

ஒரு வாரநாள், ஒரு ஞாயிறு என இரண்டு முழு நாள் சந்தையில் இருந்து குறிப்பெடுங்கள். யார் எந்த இடத்தில் விற்கிறார்கள் என்று பெயரோடு பட்டியல் வேண்டும். தரையில் துணி விரித்துப் பாசிமணி விற்கிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. காலை 11, பகல் 2, மாலை 4 மணிக்கு நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் படம் எடுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் குறியுங்கள். புதிய வரைபடத்தில் கடைகளின் எண்ணிக்கை பட்டியலைவிடக் குறைந்தால், திருத்த வேண்டியது வரைபடத்தைத்தான், பட்டியலை அல்ல. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வரைபடத்தை அந்தக் குழுவிடம் காட்டிவிட்டு டெண்டருக்குப் போங்கள்.

மாமல்லபுரத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஊருக்குள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பல நெருங்கி இருப்பதால் இந்த வட்டங்கள் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. போதாததற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். வரைபடத்தில் முதல் வேலையாக இந்தக் கோடுகளைப் போடுங்கள். அஸ்திவாரம் தோண்டாத, கழற்றி மாட்டக்கூடிய கடையாகவே திட்டமிடுங்கள். அதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகே பொருள் இறக்குங்கள்.

கூரையும் நிழலும்

கடைக்குப் பத்தடிக்குப் பத்தடி போதும். முன்பக்கம் மூன்றடி காட்சிக்கு, நடுவில் நான்கடி உட்கார்ந்து வேலை செய்ய, பின்னால் மூன்றடி பூட்டும் பெட்டிக்கு. இரவு சரக்கை வைத்துவிட்டுப் போக இடம் இல்லாவிட்டால், தினமும் ஏற்றி இறக்கும் ஆட்டோ வாடகையிலேயே சின்ன வியாபாரியின் லாபம் போய்விடும்.

பத்தடிச் சதுரக் கூரை பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றில் அதை மேலே தூக்கும் விசை 200 கிலோ எடையைத் தாண்டிவிடும். நான்கு காலிலும் ஒன்றேகால் அடிச் சதுரம், ஓரடி உயரத்தில் கான்கிரீட் கட்டை வார்த்து போல்ட் போட்டு முடுக்குங்கள். ஒரு கட்டை நூறு கிலோ தேறும். புயல் எச்சரிக்கைக்கு இது போதாது, அன்று கூரையையே கழற்ற வேண்டும். இருவர் சேர்ந்து அரை மணி நேரத்தில் கழற்ற முடியாத கூரையை வாங்காதீர்கள். உப்புக்காற்றில் பெயின்ட் அடித்த இரும்பு நிற்காது. சூடாக முக்கியெடுத்துத் துத்தநாகம் பூசிய குழாய் கேளுங்கள், வெல்டிங் வேலை முழுதும் முடிந்த பிறகே பூச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பூசியபின் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

வெறும் தகரம் போட்டால் பகல் 12 மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. தகரத்துக்கு அரையடி கீழே மூங்கில் பாய் கட்டி இடையில் காற்று ஓட விடுங்கள். மேற்குப் பக்கம் கூரையை மூன்றடி நீட்டுங்கள், மாலை வெயில் சரிந்து உள்ளே வருவது அந்தப் பக்கம்தான். பச்சை நிழல்வலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் அடியில் ஓவியம், துணி, மனித முகம் எல்லாம் பச்சையடித்துத் தெரியும், வாங்க வந்தவர் நிறத்தை நம்ப மாட்டார். வெள்ளை வலை போடுங்கள். மரம் வைப்பதானால் புங்கன், பூவரசு. பூவரசு கடற்காற்றைத் தாங்கும். நாவல் வேண்டாம், பழம் விழுந்து கறை போகாது.

பாதை

முதன்மைப் பாதை 12 அடி. இரு பக்கக் கடையிலும் நின்று பார்ப்பவர்களுக்கு நான்கு நான்கு அடி போனால், நடப்பவர்களுக்கு நடுவில் நான்கடி மிஞ்சும். எட்டடியாகக் குறைத்தால் நிற்பவரை நடப்பவர் இடித்துத் தள்ளிக்கொண்டே போவார், கடையில் யாரும் நிற்க மாட்டார்கள். முட்டுச்சந்து ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதன் கடைசிக் கடைக்காரருக்கு வியாபாரமே நடக்காது.

திண்ணை ஆறு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். சக்கர நாற்காலிச் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு. ஆறு அங்குலத்துக்கு ஆறடிச் சரிவு போதும், ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடி தேவைப்படும். பாதையின் நடுவே நான்கடிக்குச் சொரசொரப்பான கற்பலகை, இரு ஓரமும் கிராவல். நூறடிக்கு ஓரடி வாட்டம் வைத்து, மூடி போட்ட வடிகாலில் சேருங்கள்.

கல் வேலை

ஒரு கன அடி கருங்கல் 75 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டடிப் பிள்ளையாருக்கான கல் செதுக்குவதற்கு முன் 200 கிலோவைத் தொடும். கல்தச்சர் கடைகளைச் சாலையோரமாக, திண்ணையே இல்லாமல், பின்னால் ஐந்தடி வண்டிப்பாதையுடன் அமையுங்கள். இறக்குமிடத்தில் ஒரு டன் தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) தொங்கவிட மூன்று கால் சட்டம் ஒன்று வேண்டும்.

கிரைண்டரைச் சந்தைக்குள் அனுமதிக்கக் கூடாது. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசிப்பவரின் நுரையீரலை அது தழும்பாக்கிவிடும், அதற்குப்பின் சரிசெய்ய மருந்து கிடையாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிரைண்டர் வேலைக்குத் தனிக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், முகத்தில் படியும் என்-95 முகக்கவசம் மூன்றும் வேண்டும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் என்பதால் கொட்டகை மேற்குக் கோடியில் இருக்கட்டும். சந்தைக்குள் கைவேலை மட்டும். சில்லு தெறிக்கும் என்பதால் பார்ப்பவர்களை ஐந்தடி தள்ளி நிறுத்த ஒரு மரத் தடுப்பு, அதன் கீழ்ப்பாதியில் நெருக்கமான வலை.

சிற்பத்துக்கு நேர் மேலே ட்யூப்லைட் போட்டால் புடைப்பு மறைந்து தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்வாக ஒரு மஞ்சள் ஒளி விளக்கு வைத்தால் கண் இமை, நகைக் கோடு வரை எழுந்து நிற்கும்.

இட ஒதுக்கீடு

வாசல் கடைக்கும் மூலைக் கடைக்கும்தான் சண்டை வரும். கல்தச்சர்களுக்கு நிரந்தர இடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடுங்கள். டெல்லியில் 1994இல் தொடங்கிய தில்லி ஹாட் சந்தையில் கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் சுழற்சியில் கடை தருகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் பத்தமடைப் பாய், தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களுக்கு அந்த முறையில் நான்கைந்து கடைகளை ஒதுக்கலாம். கழிப்பறையைக் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். நாள் முழுதும் உட்காரும் பெண்கள் கழிப்பறை கிடைக்காதோ என்று பயந்துதான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்.

வேலையை பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் முடியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வரிசைக்கு மேல் பிரிக்காதீர்கள். அதற்கும் முன்னால் சவுக்குக் கம்பும் தார்ப்பாயும் வைத்து இரண்டு மாதிரிக் கடை கட்டி, இரண்டு வாரம் வியாபாரம் செய்யச் சொல்லுங்கள். தவறுகள் அங்கேயே தெரிந்துவிடும்.

சீட்டும் பேக்கிங்கும்

ஒவ்வொரு பொருளிலும் செய்தவர் பெயர், கல்லின் வகை, விலை, எடை நான்கும் எழுதிய சீட்டு இருக்கட்டும். விமானத்தில் போகிறவர் முதலில் கேட்பது எடையைத்தான். மாக்கல்லைப் பளிங்கு என்று விற்பதும் இந்தச் சீட்டால் நிற்கும். வெளிநாட்டுப் பயணிகள் பலரிடம் யுபிஐ இருக்காது, எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு கார்டு மெஷின் வாங்கிப் பேக்கிங் மேடையில் வையுங்கள். சிற்பத்தில் முதலில் உடைவது விரலும் ஆயுதமும்தான். அவற்றைச் சுற்றி நுரைத்தாள் திணித்து, பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் நிரப்பு வைத்துக் கட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.