நகரச் செய்தித் தளத்துக்கு எழுத ஆசையா? முதல் கட்டுரை வெளியாகும் வரை என்ன செய்ய வேண்டும்

ஒரு நகரத்தின் செய்திகளையும் கலை நிகழ்ச்சிகளையும் மட்டுமே எழுதும் தளங்களில் ஆசிரியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். எல்லாத் தெருவுக்கும் போக அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் வெளியிலிருந்து எழுதுகிறவர்களை அவர்கள் உண்மையாகவே தேடுகிறார்கள். ஆனால் புதிதாக வருகிற பலர், "எனக்கு நன்றாக எழுத வரும், வாய்ப்புக் கொடுங்கள்" என்று இரண்டு வரி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் கேட்பது செய்தி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால், நீங்கள் யார் என்று அவரே கேட்பார்.

1. முதலில் ஒரு மாதம் படியுங்கள்

எந்தப் பகுதியில் வெளியாட்களின் பெயர் வருகிறது, கட்டுரைகள் எவ்வளவு நீளம், எதைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்று பாருங்கள். பங்களிப்பாளர்களுக்கான விதிமுறைகளைத் தளத்தில் போட்டிருந்தால் அதை வரி விடாமல் படியுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

2. உங்களுக்கென்று ஒரு சின்ன வட்டம்

எப்படியும் நீங்கள் போய் வருகிற இடங்களிலிருந்து தொடங்குங்கள். பேருந்து நிறுத்தம், நூலகம், நாடக ஒத்திகை நடக்கும் கூடம், விளையாட்டுத் திடல். பல ஊர்களில் நகர மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்கலாம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே வெளியிடுவார்கள். அதைப் பொறுமையாகப் படித்தால், ஒரு நிறுத்தத்தை 200 மீட்டர் தள்ளி வைக்கப் போகும் தீர்மானம் பதினேழாவது வரியில் இருக்கும். அந்த 200 மீட்டரை ஊன்றுகோலோடு நடக்கப் போகிறவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்பாட்டுப் பக்கமும் இப்படித்தான். புதிய நாடகத்தின் செய்திக்குறிப்பு எல்லோருக்கும் வரும். அந்த நாடகத்துக்கு விளக்கு அமைப்பவரிடம் யாரும் போய்ப் பேசியிருக்க மாட்டார்கள்.

3. முன்மொழிவு எழுதுங்கள்

என்ன எழுதப் போகிறீர்கள் என்று ஆசிரியருக்கு அனுப்பும் சிறு கடிதம்தான் முன்மொழிவு. "நம் நகர நூலகங்கள்" என்பது தலைப்பு. அதில் இன்னும் செய்தி இல்லை. கீழே இருப்பதில் செய்தி இருக்கிறது:

"ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகம் சென்ற மாதத்திலிருந்து இரவு 8 மணிக்குப் பதிலாக மாலை 6 மணிக்கே மூடுகிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். கதவில் ஒட்டிய அறிவிப்பின் படம் என்னிடம் இருக்கிறது. நூலகரிடமும் வாசகர்கள் மூன்று பேரிடமும் பேசப் போகிறேன். நேரத்தைக் குறைத்ததற்கான காரணத்தை நிர்வாகத்திடம் கேட்பேன். 700 சொற்கள், 3 படங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன். நானும் அந்த நூலகத்தின் உறுப்பினர்."

அவ்வளவுதான். என்ன நடந்தது, யாரைப் பாதிக்கிறது, கையில் என்ன ஆதாரம், எப்போது தருவீர்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. கடைசி வரியைக் கவனியுங்கள். எழுதும் விஷயத்தோடு உங்களுக்குச் சொந்தத் தொடர்பு இருந்தால் ஆசிரியருக்கு முதலிலேயே தெரிய வேண்டும். நண்பரின் இசைக்குழுவைப் பற்றி நீங்கள் விமர்சனம் எழுதியது பிறகு தெரியவந்தால், அந்தத் தளத்தின் மற்றக் கட்டுரைகளையும் வாசகர்கள் சந்தேகப்படுவார்கள்.

ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, சரி, வேறு தளத்துக்கு அனுப்பலாம். ஒரே விஷயத்தை இரண்டு இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

4. களத்துக்குப் போங்கள்

என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி இங்கேதான். பேசத் தொடங்கும் முன் "நான் இன்ன தளத்துக்காக எழுதுகிறேன், நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு வெளியாகும்" என்று சொல்லுங்கள். குரல் பதிவு செய்வதென்றால் அனுமதி கேளுங்கள். பெயர் போடக்கூடாது என்று யாராவது விரும்பினால், அதைப் பேசும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம், பெயர்கள். நான் எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு தாளக் கலைஞரைப் பேட்டி எடுத்தேன். பெயரைக் காதால் கேட்டே எழுதிவிட்டேன், ஓரெழுத்து தவறிப்போனது. கட்டுரை வெளியான அன்று அவர் அழைத்தார். கோபப்படவில்லை. "அம்மாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன், பெயர் வேறாக இருக்கிறதே" என்றார். ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டோம், திருத்தக் குறிப்பும் போட்டோம். ஆனாலும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நோட்டையும் பேனாவையும் எதிரில் இருப்பவரிடமே நீட்டிவிடுகிறேன். பெயரையும் பொறுப்பையும் அவரே எழுதட்டும்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நீங்கள் கண்டது. ஒருவர் கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார், திறக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அறிவிப்பை இரண்டு முறை படிக்கிறார். திருப்பித் தர வேண்டிய புத்தகத்தை மறுபடி பைக்குள் வைக்கிறார். மணி 6:10. வலப்பக்கத்தில் இருக்கும் இந்த நான்கு வரிகளை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது.

"வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் அது அவர் கருத்து. வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், இன்னொருவரிடமும் விசாரியுங்கள். யார்மீது குறை சொல்லப்படுகிறதோ அவரிடம் விளக்கம் கேட்பது கட்டாயம். வெளியிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கேட்பது போதாது. பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் நாடு ஸ்வீடன், அது 1766-இல். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டிலும் இருந்தால் பயன்படுத்துங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், எனவே விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள்.

5. எழுதுங்கள்

செய்தி என்றால் தலைகீழ்ப் பிரமிடு: முக்கியமானது மேலே, விவரங்கள் கீழே. "நூலகங்கள் அறிவின் ஊற்று. ஒரு நகரத்தின் வளர்ச்சியில் அவற்றின் பங்கு அளப்பரியது" என்று தொடங்கினால் வாசகர் அங்கேயே போய்விடுவார். "கிளை நூலகம் இனி மாலை 6 மணிக்கே மூடும். வேலை முடிந்து வரும் உறுப்பினர்கள் வார நாட்களில் புத்தகம் எடுக்க முடியாது" என்று தொடங்குங்கள். பண்பாட்டுக் கட்டுரையை ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். ஆனால் மூன்றாவது பத்திக்குள், இதை இப்போது ஏன் சொல்கிறோம் என்பது வந்துவிட வேண்டும்.

முடித்ததும் உரக்கப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எண்ணுக்கும் தேதிக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு, நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. படங்களும் உரிமையும்

இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எந்தப் படத்தையும் எடுத்துப் போடாதீர்கள். 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், பதிவு செய்யாமலேயே படைப்பாளிக்குப் பதிப்புரிமை உண்டு. நீங்களே எடுங்கள், இல்லையென்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறர் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே சில நிபந்தனைகளோடு தரும் அனுமதி) உள்ள படத்தை அதன் நிபந்தனைப்படி பயன்படுத்துங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

7. அனுப்பிய பிறகு

சன்மானம் உண்டா, எவ்வளவு, கட்டுரையை வேறு இடத்தில் மறுபடி வெளியிடலாமா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஆசிரியர் வெட்டுவார். எங்கெங்கே வெட்டினார் என்று உங்கள் பிரதியோடு வைத்துப் பாருங்கள், அடுத்த முறை அந்த வரிகளை நீங்களே எழுத மாட்டீர்கள். பொருள் மாறிப்போயிருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

வெளியானதும் பேசிய எல்லோருக்கும் இணைப்பை அனுப்பி, "எதையாவது விட்டுவிட்டேனா?" என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நூலகத்துக்கு மாலை 6 மணிக்குப் போய், கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.