தனியுரிமை கிரிப்டோ பட்டியல்: சேவைகளைச் சேர்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

பரிவர்த்தனை விவரங்களை மறைக்கும் கிரிப்டோ நாணயமான மோனெரோவின் பயனர்களுக்காக வாலட், நாணய மாற்றுச் சேவை, எக்ஸ்சேஞ்ச் என்று பட்டியல் தொகுப்பவர்கள் முதலில் சறுக்குவது ‘கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லை’ என்று சேவைகள் போடும் முகப்பு வரியில்தான். கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் பயனர் அனுப்பிய பிட்காயின் போய்ச் சேர்ந்த பிறகு, அது எந்தக் கைகள் வழியே வந்தது என்று பல சேவைகளில் மென்பொருள் ஆராயும். சந்தேகம் எழுந்தால் பணம் அங்கேயே நின்றுவிடும். பாஸ்போர்ட்டும் முகப்படமும் கேட்பார்கள். இந்த நிபந்தனை விதிமுறைகளுக்குள் பணமோசடித் தடுப்புப் பகுதியில் இருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். நிறுத்திவைத்த பணத்தை ஆவணம் கேட்காமல் திருப்பித் தருவார்களா? பதில் தெளிவாக இல்லையென்றால், அந்தச் சேவையைக் ‘கேஒய்சி இல்லாதவை’ வரிசையில் வைக்காதீர்கள். சிறு தொகையை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் தவறு: அந்த ஒரு காசு சோதனையில் சிக்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. பயனர் எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டோர் பிரவுசரில், ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டும் தளம் வேலை செய்கிறதா என்று திறந்து பாருங்கள்.

அடுத்தது, வாலட்டின் சாவி (அதைத் திறக்கும் ரகசியக் குறியீடு) யாரிடம் என்று பார்க்காமல் விடுவது. மோனெரோவில் பணத்தை அனுப்பும் செலவுச் சாவி வேறு, வரவைப் பார்க்க மட்டும் உதவும் பார்வைச் சாவி வேறு. சில இலகு வாலட்கள் பார்வைச் சாவியைத் தங்கள் சர்வருக்கு அனுப்பிவிடும். பணத்தை அவர்களால் எடுக்க முடியாது. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு தொகையும் அவர்கள் கண்ணில் படும். அப்படிப்பட்ட வாலட்டைச் சேர்த்தால், இதையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இன்னொரு தனியுரிமை நாணயமான ஸீகேஷ் (Zcash) ஏற்கும் சேவை என்றால், பணம் அனுப்ப அது தரும் முகவரியைப் பாருங்கள். ‘t’ எழுத்தில் தொடங்கும் முகவரி மட்டும் தந்தால், பிட்காயின் போலவே எல்லாம் வெட்டவெளிதான்.

டவுன்லோடு இணைப்பை மட்டும் கொடுத்து நிறுத்துவது ஆபத்து. 2019 நவம்பரில் மோனெரோவின் அதிகாரபூர்வத் தளத்திலேயே திருட்டு நிரல் புகுத்தப்பட்ட வாலட் கோப்பு சிறிது நேரம் கிடைத்தது. ஹாஷ் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியீடு) பொருந்தவில்லை என்று ஒரு பயனர் கவனித்ததால்தான் அது வெளியே தெரிந்தது. ஆகவே உருவாக்கியவர்களின் டிஜிட்டல் கையொப்பச் சாவியின் ‘கைரேகை’ எனும் அடையாளக் குறியீட்டையும், கோப்பைச் சரிபார்க்கும் முறையையும் இணைப்போடு சேர்த்துக் கொடுங்கள். டோரில் மட்டும் திறக்கும் ஆனியன் முகவரியைத் தேடுபொறியிலிருந்து எடுக்காதீர்கள், போலித் தளங்கள் அங்கே ஏராளம்.

உங்களுக்குத் தரகுத்தொகை தருகிறது என்பதற்காக ஒரு சேவையைப் பட்டியலில் மேலே ஏற்றவே கூடாது.

ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகச் சோதித்த நாள் இருக்கட்டும். பயனர்கள் நேரடியாக ஒருவருக்கொருவர் மோனெரோ வாங்கி விற்ற லோக்கல்மோனெரோ தளம் 2024 மே மாதத்தில் மூடுவிழாவை அறிவித்தது. வசாபி என்ற பிட்காயின் வாலட்டின் பெயர் அப்படியே இருந்தாலும், பலரின் பணப்பரிமாற்றங்களை ஒன்றாகக் கலந்து தடத்தை மறைக்க அதன் நிறுவனம் நடத்திய காயின்ஜாயின் ஒருங்கிணைப்பு 2024 ஜூன் 1 அன்று நின்றது. பயனர் வேறோர் ஒருங்கிணைப்பாளரைத் தானே தேர்ந்து இணைக்க வேண்டியதாயிற்று. ‘இயங்குகிறது’ என்று மட்டும் குறித்த பதிவில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.